விற்ற ஒவ்வொரு காருக்கும் ரூ.27 லட்சம் நஷ்டம்! தூத்துக்குடி மின்சாரக் கார் கம்பெனி தாக்குப்பிடிக்குமா?

சோளக்காடு:-

70 கொண்டை ஊசி வளைவு ஏறி கொல்லிமலைக்கு வரும் சுற்றுலா வண்டிகளில் இப்போது சத்தமே போடாத கார்களும் தென்படுகின்றன. பச்சை நம்பர் பிளேட் போட்ட மின்சாரக் கார்கள்.

சோளக்காடு சந்தையில் மிளகும் பலாப்பழமும் வாங்க இந்தக் காரை ஓரமாக நிறுத்தினால் போதும். நாலு பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள். "இது மலை ஏறுமா? பாதி வளைவிலே படுத்துக்குமா?" என்பதுதான் முதல் கேள்வி.

ஏறும். அதில் சந்தேகம் வேண்டாம்.

நாலு பேர் உட்கார்ந்த கார் சுமார் 2 டன் எடை. காரவள்ளி அடிவாரத்தில் இருந்து சோளக்காடு சுமார் ஆயிரம் மீட்டர் உயரம். அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க ஐந்தரை யூனிட் மின்சாரம் வேண்டும். வீட்டுக் கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான். ரோடு உராய்வு, வளைவு எல்லாம் சேர்த்து எட்டு, ஒன்பது என்றே வைத்துக்கொள்ளலாம். 60 யூனிட் பிடிக்கும் பேட்டரியில் இது ஆறில் ஒரு பங்குகூட இல்லை. இறங்கும்போது மோட்டாரே டைனமோ ஆகி, செலவில் ஒரு பகுதியைத் திருப்பியும் கொடுத்துவிடும்.

மலை ஏறுவது பிரச்சினை இல்லை. இந்தக் கார்களைச் செய்யும் கம்பெனிகளில் ஒன்று நஷ்டக்கணக்கில் இருந்து ஏறி வருமா என்பதுதான் பிரச்சினை. அந்தக் கம்பெனி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

இது பற்றிய விவரம் வருமாறு:-

17 மாதத்தில் தொழிற்சாலை

வியட்நாம் நாட்டைச் சேர்ந்தது வின்பாஸ்ட் கம்பெனி. 2024 ஜனவரியில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டது. மொத்தம் ரூ.16 ஆயிரம் கோடி வரை முதலீடு, அதில் முதல் கட்டமாக 50 கோடி டாலர் என்பது பேச்சு. தூத்துக்குடி சில்லாநத்தம் சிப்காட்டில் 400 ஏக்கர் இடம். 2024 பிப்ரவரி 25-ந்தேதி அடிக்கல் நாட்டிய மு.க.ஸ்டாலின், 2025 ஆகஸ்டு 4-ந்தேதி தொழிற்சாலையைத் திறந்தும் வைத்தார். இடைப்பட்டது 17 மாதம்தான். நம் ஊரில் ஒரு பாலம் கட்டவே இதைவிட அதிக நாள் ஆகும்!

வருடத்துக்கு 50 ஆயிரம் கார் செய்யலாம். பிறகு 1 லட்சத்து 50 ஆயிரமாகக் கூட்டிக்கொள்ளலாம். 3 ஆயிரம் முதல் 3,500 பேருக்கு நேரடி வேலை என்று அறிவித்தார்கள். 2025 செப்டம்பரில் இரண்டு கார்களை விற்பனைக்கு விட்டார்கள். வி.எப்.6 காரின் தொடக்க விலை ரூ.16 லட்சத்து 49 ஆயிரம். வி.எப்.7 ரூ.20 லட்சத்து 89 ஆயிரம்.

இதுவரை எல்லாம் நல்ல சேதி. கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால்தான் தூக்கிவாரிப்போடுகிறது.

அதிர்ச்சிக் கணக்கு

2024-ம் வருடம் வின்பாஸ்ட் உலகம் முழுவதும் 97 ஆயிரத்து 399 கார்களைக் கொடுத்தது. அதே வருடம் நிகர நஷ்டம் சுமார் 318 கோடி டாலர். நம் பணத்தில் ரூ.26 ஆயிரம் கோடிக்கு மேல்.

வகுத்துப் பார்த்தால் காருக்கு சுமார் ரூ.27 லட்சம். அதாவது வி.எப்.6 காரின் விலையைவிட அதிகம்.

ஸ்கூட்டர் வியாபாரம், ஆராய்ச்சி, வட்டி எல்லாம் இந்த நஷ்டத்தில் சேர்ந்திருக்கிறது என்பது உண்மைதான். அவற்றைத் தள்ளிவிட்டு, சாமான் செய்த செலவை மட்டும் எடுத்துக்கொண்டாலும் கதை மாறவில்லை. 100 ரூபாய்க்கு விற்ற சரக்கைச் செய்ய 150 ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கிறது.

ஏன் இப்படி? நாமக்கல் கோழிப்பண்ணைக்காரரைக் கேட்டால் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார். 50 ஆயிரம் கோழிக்குக் கொட்டகை போட்டுவிட்டு 15 ஆயிரம் கோழி மட்டும் விட்டால் என்ன ஆகும்? பாங்குக் கடன், கரண்ட், ஆள் கூலி குறையாது. முட்டைக்கு முட்டை நஷ்டம்தான். வியட்நாமில் ஹாய்பாங் நகரில் இருக்கும் தாய்த் தொழிற்சாலை வருடத்துக்கு 3 லட்சம் கார் செய்யக் கட்டப்பட்டது. 2024-ல் விற்றது அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

தூத்துக்குடியிலும் அதே கணக்குதான். 50 ஆயிரம் கார் என்றால் மாதம் 4 ஆயிரத்துக்கு மேல் விற்றாக வேண்டும். இந்தியாவில் முதல் சில மாதங்களில் விற்றது மாதத்துக்கு சில நூறு.

நூடுல்ஸ் விற்ற கோடீஸ்வரர்

இவ்வளவு நஷ்டத்திலும் கம்பெனி எப்படி ஓடுகிறது? ஒரு மனிதரின் பாக்கெட்டை நம்பி ஓடுகிறது.

அவர் பெயர் பாம் நியாட் வூங். உக்ரைன் நாட்டில் நூடுல்ஸ் பாக்கெட் விற்று முன்னுக்கு வந்தவர். ஊர் திரும்பி வீடு, ஓட்டல், ஆஸ்பத்திரி என்று வளைத்துப்போட்டு வியட்நாமின் முதல் பணக்காரர் ஆனார். 2017-ல் வின்பாஸ்ட்டை ஆரம்பித்தார். 2022-ல் பெட்ரோல் காரை மூட்டை கட்டிவிட்டு முழுக்க மின்சாரத்துக்கு மாறினார்.

2023 ஆகஸ்டு 15-ந்தேதி அமெரிக்கப் பங்குச்சந்தையில் கம்பெனி இறங்கியது. முதல் நாளே கம்பெனியின் மதிப்பு 8,500 கோடி டாலர். போர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டையும் தாண்டியது! அதே மாதக் கடைசியில் பங்கு 90 டாலரைத் தொட்டது. 2024-ல் 5 டாலருக்கும் கீழே வந்து விழுந்தது. மேலே போனவேகம் என்ன, விழுந்தவேகம் என்ன! விற்பனைக்கு வந்த பங்குகள் ரொம்பக் கொஞ்சம். ஏறக்குறைய 99 சதவீதம் வூங் கையிலேயே இருந்தது. நாலு பேர் போட்டி போட்டால் விலை எகிறும், அதுதான் நடந்தது.

வாங்குகிறவர் யார் என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 2023-ல் வின்பாஸ்ட் விற்ற கார்களில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது ஒரு டாக்சி கம்பெனி. அதற்கும் முதலாளி வூங்தான். இடது கை விற்று வலது கை வாங்கிய வியாபாரம்.

ஆனாலும் வியட்நாமில் பொதுமக்களும் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பதை மறைக்க முடியாது. 2024-ல் அந்த நாட்டில் அதிகம் கார் விற்ற கம்பெனி இதுதான். டொயோட்டாவும் ஹூண்டாயும் பின்னால் போயின.

சுற்றிலும் போட்டி

இந்தியாவில் நிலைமை அப்படி இல்லை. டாட்டா, எம்.ஜி., மகிந்திரா மூவரும் மின்சாரக் கார் சந்தையில் பெரும்பங்கை வைத்திருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் எம்.ஜி. கம்பெனி 'விண்ட்சர்' காரைக் கொண்டுவந்து, பேட்டரியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு போடு போட்டது. ஆரம்ப விலை ரூ.10 லட்சத்துக்குள் வந்துவிட்டது. ஹூண்டாய் 2025 ஜனவரியில் மின்சார 'கிரெட்டா'வை இறக்கியது. விலை ரூ.17 லட்சத்து 99 ஆயிரம். வி.எப்.6 மோத வேண்டியது இதனோடுதான். ஹூண்டாய்க்கு முக்குக்கு முக்கு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. புதிதாக வந்தவர்களோ மை டி.வி.எஸ். போன்ற கம்பெனிகளோடு கைகோத்து ரிப்பேர், சார்ஜ் ஏற்பாடு செய்துவருகிறார்கள்.

போதாததற்கு 2025 செப்டம்பர் 22-ந்தேதி ஜி.எஸ்.டி. மாற்றம் வந்தது. சிறிய பெட்ரோல் கார்களின் வரி 28-ல் இருந்து 18 சதவீதம் ஆனது. மின்சாரக் காருக்கு முன்பு இருந்த அதே 5 சதவீதம். இரண்டுக்கும் இருந்த இடைவெளி குறைந்துவிட்டது.

உலக அளவில் பார்த்தால் டெஸ்லாவே ஆட்டம் கண்டிருக்கிறது. 2025-ல் சீனாவின் பி.ஒய்.டி. சுமார் 22 லட்சம் மின்சாரக் கார் விற்று, 16 லட்சத்தோடு நின்ற டெஸ்லாவை முந்திவிட்டது. காரில் விலை கூடிய சாமான் பேட்டரி. பி.ஒய்.டி. அதைத் தானே செய்துகொள்கிறது. அந்த வசதி இல்லாதவர்கள் விலையைக் குறைத்துப் போட்டி போட்டால், குறைத்தது முழுவதும் சொந்தக் கைப்பணம்.

நோக்கியா, போர்டு கதை

தமிழ்நாட்டுக்கு இந்தப் பயம் வருவதில் தப்பில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்ட நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் நின்றது. மறைமலைநகர் போர்டு 2021 செப்டம்பரில் மூடுவிழா அறிவித்தது. பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று காரணம் சொன்னது. 2022-ல் கடைசி கார் வெளியே வருமுன், நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர்கள் உள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். அதே போர்டு 2025 அக்டோபரில் ரூ.3,250 கோடியில் என்ஜின் செய்கிறேன் என்று திரும்பி வந்து கையெழுத்துப் போட்டது வேறு கதை. வேலை போனவர்களின் நடுவயசு அதற்குள் போய்விட்டது.

டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மலையை விட்டு இறங்கும் பையன்களுக்குச் சம்பளத்தைவிட இதுதான் முக்கியம். வேலை கிடைக்குமா என்பது பாதிக் கேள்வி. நிலைக்குமா என்பது மீதி.

கார் வாங்குகிறவர்களுக்கும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் பிஸ்கர் என்ற மின்சாரக் கார் கம்பெனி 2024 ஜூனில் மஞ்சக்கடுதாசி கொடுத்தது. கார் வாங்கியவர்கள் ஸ்பேர் பார்ட்சுக்கும் சாப்ட்வேருக்கும் அலைந்தார்கள். பெட்ரோல் வண்டி என்றால் மெக்கானிக் ஒருவர் பிரித்துப் பார்த்துவிடுவார். இது கம்ப்யூட்டர் பூட்டுப் போட்ட வண்டி. பேட்டரிக்கு எத்தனை வருட வாரண்டி எழுதிக் கொடுத்தாலும், எழுதிக் கொடுத்தவர் கடை திறந்திருக்கும்வரைதான் அது செல்லும்.

கெடு எப்போது?

வின்பாஸ்ட் நாளைக்கே கவிழ்ந்துவிடும் என்று சொல்ல முடியாது. 2025-ல் அது கொடுத்த கார்கள் 2024-ஐப் போல் சுமார் இரண்டு மடங்கு. கொட்டகையில் கோழி கூடுகிறது. 2025 டிசம்பரில் பஸ், ஸ்கூட்டர் செய்யவும் தூத்துக்குடியில் மேலும் சுமார் 500 ஏக்கரில் 50 கோடி டாலர் போடுவதாகத் தமிழக அரசுடன் புதிதாக ஒப்பந்தம் செய்தது.

ஆனால் சொன்னபடி செய்வதில் கம்பெனிக்கு இரண்டு முகம் உண்டு. தூத்துக்குடியில் 17 மாதத்தில் கட்டி முடித்தவர்கள், அமெரிக்காவில் வடக்கு கரோலினாவில் 2024-ல் திறக்க வேண்டிய தொழிற்சாலையை 2028-க்குத் தள்ளிவிட்டார்கள். பணம் எங்கே முதலில் போகும், எங்கே நிற்கும் என்பது ஹனோயில் முடிவாகிறது. தூத்துக்குடியில் அல்ல.

2024 நவம்பரில் வூங் ஒரு வாக்குக் கொடுத்தார். சொந்தப் பணத்தில் இருந்து 50 லட்சம் கோடி டாங் (சுமார் 200 கோடி டாலர்) இனாமாகத் தருகிறேன். தாய்க் கம்பெனியான வின்குரூப் 35 லட்சம் கோடி டாங் வரை கடன் தரும் என்றார். 2024-ன் ஒரு வருட நஷ்டத்தைச் சற்றே தாண்டும் தொகை இது. இந்த வாக்குக்கு அவர் வைத்த கெடு 2026-ம் வருடக் கடைசி.