தாயைக் காட்டாத வியாபாரம்

வெளியூர்களிலிருந்து விடியற்காலையில் தூத்துக்குடிக்கு வந்து நிற்கும் ஆம்னி பஸ்களின் சரக்கு அறையிலிருந்து, துணி மூட்டைகளுக்கும் மோட்டார் உதிரிப் பாகங்களுக்கும் நடுவே, துளையிட்ட அட்டைப்பெட்டிகளில் நாய்க்குட்டிகள் இறங்குவது இப்போது எவருக்கும் விசேஷமாகப் படாத காட்சியாகிவிட்டது. அவற்றைப் பெற்றுக்கொள்ள வந்து நிற்பவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். குழந்தையின் ஆசைக்கு இணங்கி, கைப்பேசியில் வந்த ஒரு புகைப்படத்தை நம்பி, முன்பின் அறியாத ஒருவருக்கு ஜிபேயில் பணம் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நடுத்தரக் குடும்பத்தினர். பெட்டியைத் திறந்தால், மூத்திரத்தில் ஊறிய செய்தித்தாளின் மீது, குடற்பூச்சியால் உப்பிய வயிறும் பீளை கட்டிய கண்களுமாய், பால்குடி மறக்காத ஒரு ஜீவன் நடுங்கிக்கொண்டிருக்கிறது. இந்த வியாபாரம் இப்படியே நடப்பதை இந்நகரத்தின் பிரஜைகளும் அதிகாரிகளும் இனியும் பார்த்துக்கொண்டிருக்கலாகாது என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

அந்த ஜீவன் வந்த வாரத்திலேயே மாண்டுபோவதும் அபூர்வமன்று. 1978-இல் அடையாளம் காணப்பட்டு, ஓரிரண்டு ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய பார்வோ என்னும் வைரஸ் நோய், தொற்றிய பின்பும் மூன்று முதல் ஏழு நாள் வரை குட்டியின் உடம்பில் ஓசையின்றி வளர்ந்து, பின்பே வாந்தியும் துர்நாற்றத்தோடு கூடிய இரத்தக் கழிச்சலுமாக வெளிப்படுகிறது. ஆகையால் விற்றவரின் இடத்தில் தொற்றிய நோய், வாங்கியவரின் வீட்டில்தான் கண்ணுக்குத் தெரிகிறது; ‘நான் அனுப்பும்போது நன்றாகத்தானே இருந்தது, உங்களுக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை’ என்று விற்றவர் சொல்லவும், அதை அந்தக் குடும்பம் நம்பிக் குற்ற உணர்ச்சியில் ஆழவும் நேர்கிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைந்தும், தடுப்பூசியின் காப்பு இன்னும் ஏறாமலும் இருக்கும் இடைவெளியில்தான் இந்த நோய் குட்டிகளை அதிகமாகப் பலிகொள்கிறது என்பதும், ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் ஊசியைப் போட்டு, பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அதைத் தொடரவேண்டும் என்பதும் கால்நடை மருத்துவர்கள் சலிக்காமல் சொல்லிவரும் செய்திகள். விற்பவருக்கோ, பால் மறந்தபின் ஒவ்வொரு நாளும் தீனிச் செலவு. ஊசிச் செலவு வேறு. குட்டி வளர வளர விலையும் இறங்கும். முப்பது நாளிலேயே அதைக் கைகழுவிவிடவேண்டும் என்ற அவசரத்துக்குக் காரணம் இதுவே.

ஆயினும், பெட்டியில் வந்த குட்டியைவிட, பெட்டியில் வராத தாயின் கதியே நம்மை அதிகமாக வருத்துகிறது. வெளிச்சம் புகாத கொட்டகையில், கம்பிக்கூண்டுக்குள், ஒவ்வொரு பருவத்திலும் கடுவனோடு சேர்க்கப்பட்டு, உடல் தேறுமுன் மறுபடியும் சினையாகி, ஈனும் சக்தி தீர்ந்தவுடன் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிடப்படும் பெட்டை நாயை எந்த விற்பனையாளரும் புகைப்படம் எடுத்து அனுப்புவதில்லை.

சட்டம் இல்லாமலில்லை. மாநிலங்கள் அவையில் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் கொண்டுவந்த மசோதா காரணமாகப் பிறந்த 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் என்றே 2017-இல் மத்திய சர்க்கார் தனி விதிகளை வெளியிட்டது. இனப்பெருக்கம் செய்பவர் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளவேண்டும். பதினெட்டு மாதம் நிரம்பாத பெட்டையைச் சேர்க்கலாகாது. ஆண்டுக்கு ஓர் ஈத்துக்கு மேலும், ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேலும் கூடாது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது. இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட விதிகள் நடைமுறையில் ஏன் உயிரற்றுக் கிடக்கின்றன என்றால், மூலச் சட்டத்தில் முதல் வதைக் குற்றத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். ஒரு குட்டியை ஆயிரக்கணக்கில் விற்பவருக்கு அது டீச்செலவு. அபராதத்தை உயர்த்தும் அதிகாரம் பாராளுமன்றத்துடையது. அதுவரை, வாங்குபவரின் கையில்தான் உண்மையான தண்டனை இருக்கிறது.

நமது கரையில் முத்துச் சலாபம், அதாவது முத்துக் குளிப்பு, நடந்த காலத்தில், கடலுக்குள் இருக்கும் சிப்பிப் பார்களை முதலில் பரிசோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து மதிப்பிட்டு, முதிராத சிப்பியாயின் குளிப்பையே நிறுத்தி வைப்பார்கள். சில சமயம் பல ஆண்டுகள் காத்திருக்கவும் நேர்ந்தது. கடைசிச் சலாபம் நடந்த 1961 வரையில் அதுதான் நெறி. முதிராததை எடுத்தால் முத்தும் இல்லை, பாரும் பாழ் என்பதை அறிந்த ஊரில், முதிராத குட்டியை, அது பிறந்த இடத்தைக் கண்ணால் காணாமலே, விலை பேசி வாங்குவது எவ்விதத்தில் தகும்?

இந்த வியாபாரம் தழைப்பதற்கு மோகமும் ஒரு காரணம். 2003-இல் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் சிறுவன் பின்னால் ஓடிய பக் நாயைக் கண்டு நாடே அந்த ஜாதிக்கு ஆசைப்பட்டது. மூக்குச் சப்பையாய்ப் போனதால் சீராக மூச்சுவிடவும் இயலாமல் அது படும் அவஸ்தை விளம்பரத்தில் தெரியவில்லை. பனிப்பிரதேசத்து ஹஸ்கியை உப்பளக் காற்று அனலாய் வீசும் சித்திரை வெயிலில் மாடி வீட்டுக்குள் கட்டிவைப்பதும் இதைப் போன்றதே. தமிழக அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நமது சீதோஷ்ணத்துக்கு ஒவ்வாத ஜாதிகள் என ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு முதலியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில் நியாயம் இருந்தது.

அதற்காக நாட்டு ஜாதிகளை வாங்கினால் பாவமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. கோவில்பட்டி, கழுகுமலைக் கரிசல் காடுகளில் முயல் விரட்டிய கன்னியும், அடுத்துள்ள சிப்பிப்பாறையின் பெயரைத் தாங்கிய நாயும் தெரிந்தவர் வீட்டுக்குக் கைமாறிய காலம் போய், 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் இவற்றைப் புகழ்ந்த பிறகு, கிராக்கி பெருகிற்று. கிராக்கியைத் தொடர்ந்து தரகர்களும் பெருகினார்கள். வெண்ணிறத்துக்கும் இளஞ்சிவப்பு மூக்குக்கும் பேர்போன இராஜபாளையத்தில் பிறவிச் செவிடு காணப்படுவது பலரும் அறிந்த குறை. நிறத்துக்கு விலை கிடைக்கிறது என்பதற்காக நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்ப்பவர்கள் அதை மேலும் பெருக்குகிறார்கள். பின்னால் நின்று கைதட்டினால் காது திரும்புகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. பெட்டியில் வரும் குட்டியிடம் அதைப் பார்ப்பதற்குள் பணம் போய்விடுகிறது.

வீட்டில் ஒன்றிரண்டு நாய் வளர்த்துக் குட்டி விற்று, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைச் சமாளிக்கும் ஏழைகளின் பிழைப்பில் மண்ணைப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அப்படிப்பட்டவர் வீட்டு முற்றத்திலேயே தாய் படுத்திருக்கும். குட்டிகள் அதன்மேல் ஏறி விளையாடும். வந்து பாருங்கள் என்று அவர் தாமே கூப்பிடுவார். பதிவுக் கட்டணத்தை அவருக்குக் குறைத்துக்கொடுக்க அரசு தாராளமாக முன்வரலாம். தாயைக் காட்ட மறுப்பவர், நடுவழியில் வந்து தருகிறேன் என்பவர், கேட்ட ஜாதியெல்லாம் எப்போதும் கையிருப்பில் உண்டு என்பவர் ஆகியோரிடம், குட்டியின் மேல் இரக்கப்பட்டுக்கூட வாங்கக் கூடாது. அந்த இரக்கத்தின் விலையைத் தாய்தான் அடுத்த ஈத்தில் செலுத்துகிறது. ஜாதி நாய்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு, நமது தெருக்களில் பிறந்து ஆதரவுக்கு ஏங்கும் நாட்டுக் குட்டிகளுக்குப் பஞ்சமில்லை.

நமது மாநகராட்சிக்கு ஒரு யோசனை. வளர்ப்பு நாய்க்கு உரிமம் கேட்டு வருபவரிடம், தடுப்பூசிச் சான்றோடு, அதை விற்றவரின் வாரியப் பதிவு எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். தெருவிலிருந்து எடுத்து வளர்ப்பவருக்கு அந்தக் கேள்வியும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். கால்நடை மருத்துவமனைகளும் தம்மிடம் வரும் பார்வோக் குட்டிகள் எங்கே வாங்கப்பட்டவை என்று நோயேட்டில் குறித்து, மாதந்தோறும் வாரியத்துக்கு அனுப்புமாயின், எந்தக் கொட்டகையை முதலில் திறந்து பார்க்கவேண்டும் என்பது அதிகாரிகளுக்குத் தானே விளங்கும். இதற்குப் புதிய சட்டமோ பெரும் செலவோ தேவையில்லை. மாநகராட்சி ஆணையர் ஒரு சுற்றறிக்கையில் கையெழுத்திட்டால் அடுத்த மாதமே தொடங்கிவிடலாம்.