பாட்டின் பாத்தியதை

சினிமா முதலாளியின் தயவையோ சபாக் காரியதரிசியின் தயவையோ எதிர்பாராமல், தாமே பாட்டுக் கட்டி, தாமே மெட்டமைத்து, வீட்டின் ஓர் அறையிலேயே ஒலிப்பதிவு செய்து, இணையத்தின் வாயிலாக உலகத்தின்முன் வைக்கும் வாலிபர்கள் இன்று நம் தேசத்தில் பெருகி வருகிறார்கள். இவர்களிற் பலர் சங்கீதத்தைத் தொழிலாகக் கொண்டவரல்லர். பகலெல்லாம் ஆபீஸிலும் ஆலையிலும் உழைத்துவிட்டு, இரவில் பாட்டுக் கட்டுகிறவர்கள். இவர்களால் நம் பாஷைகளுக்கும் தேசத்துக்கும் விளைந்துவரும் நன்மை பெரிது. ஆனால் இவர்களுடைய உழைப்பின் பலன் இவர்களையே சேருகிறதா என்று கேட்டால், பெரும்பாலும் சேரவில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

இது சங்கீதப் பித்தர்களின் விவகாரம், அரசியல் ஊழியர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று நம் வாசகர்களில் யாரேனும் எண்ணுவாராயின், அவருக்குச் சமீப கால உதாரணங்களை ஞாபகப்படுத்துகிறோம். 2017 ஜனவரியில், எண்ணூர்க் கழிமுகத்தைத் தொழிற்சாலைகள் தூர்த்து வருவதைக் கண்டித்து, கபேர் வாசுகி எழுதி, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் மெட்டமைத்து, டி.எம். கிருஷ்ணா பாடிய புறம்போக்குப் பாடல் இணையத்தில் வெளியாயிற்று. புறம்போக்கு என்பது வசைச்சொல்லன்று, ஊருக்கெல்லாம் பொதுவான நிலம் என்பதைப் பல கூட்டங்களிற் பேசியும் உணர்த்த முடியாத அளவுக்கு அப்பாட்டு உணர்த்திவிட்டது. 2018 ஜனவரியில் சென்னையில் அரங்கேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழுவினர் கானாவையும் பறையையும் கொண்டு சாதிக் கொடுமையைப் பற்றிப் பாடியதும் இவ்விதமே ஊரெங்கும் பரவிற்று. இவ்வகைப் பாட்டுக்களை எந்தப் பட முதலாளி துணிந்து வெளியிட்டிருப்பார்? 1928 இல் அந்நிய சர்க்கார் பாரதியாரின் பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்ததே, எதற்காக? பாட்டு என்ன செய்யும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். யாருடைய அநுமதிக்கும் காத்திராமல் வெளிவரும் பாட்டு ஒரு பத்திரிகைக்குச் சமானம். அதை ஆக்குபவன் வயிறு காய்ந்து வாய் மூடுவானாகில், அதுவும் ஒருவகை வாய்ப்பூட்டுத்தான்.

இதில் ஒரு பழைய கதை திரும்பி வருவதைக் காண்கிறோம். 1902 இல் கிராமபோன் கம்பெனியார் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிவு செய்தார்கள். பதிந்த மெழுகு ஜெர்மனியிலுள்ள ஹனோவர் நகருக்குக் கப்பலேறிற்று. அங்கே தட்டாக அச்சாகித் திரும்பி வந்து நம்மவருக்கே விற்கப்பட்டது. நமது பருத்தி மாஞ்செஸ்டருக்குச் சென்று துணியாகத் திரும்பியதற்கும் இதற்கும் பேதமில்லை. சில வருஷங்கள் கழிந்த பின்னரே கல்கத்தாவில் தட்டுத் தயாரிக்கும் தொழிற்சாலை ஏற்பட்டது. இன்று கப்பலுக்கு வேலையில்லை. மதுரையிலோ கோஹிமாவிலோ ஒருவன் பாடிய பாட்டு ஒரு நொடியில் அமெரிக்கக் கம்பெனியான யூட்யூபுக்கும், ஸ்வீடன் தேசத்துக் கம்பெனியான ஸ்பாடிஃபைக்கும் போய்ச் சேருகிறது. அங்கிருந்து அடுத்த தெருவில் உள்ளவன் காதுக்கு வருகிறது. நடுவில் விலை வைப்பவன் யார், கணக்கு எழுதுபவன் யார் என்பதே கேள்வி. சுதேசிக் கம்பெனியாயின் குற்றமில்லை என்றும் நாம் சொல்லவில்லை. ஏர்டெல் கம்பெனியார் நடத்திவந்த விங்க் என்னும் இசைச் சேவை 2024 இல் மூடப்பட்டது. கடையை மூடும் விஷயத்தில் சுதேசி, விதேசி என்ற பேதமில்லை போலும்!

ஸ்பாடிஃபை கம்பெனியார் 2024 தொடக்கத்திலிருந்து ஒரு விதியை அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பாட்டு முந்திய 12 மாதங்களில் 1,000 தடவையேனும் கேட்கப்படாவிடில், அந்தப் பதிவுக்கு ராயல்டி கிடையாது என்பது அந்த விதி. பத்துப் பாட்டுக்களை வெளியிட்ட ஒருவனுடைய ஒவ்வொரு பாட்டும் 900 தடவை கேட்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். 9,000 தடவை ஜனங்கள் அவனைக் கேட்டிருக்கிறார்கள். அவனுக்கு வரவேண்டியது பூஜ்யம்! கம்பெனியாரின் சமாதானத்தையும் சொல்லிவிடுகிறோம். இத்தகைய பாட்டு ஒன்றுக்குச் சராசரியாக மாதம் மூன்று அமெரிக்க ஸென்ட்தான் சேருமாம். அச்சிறு தொகை நடுவிலுள்ள தரகுக் கம்பெனிகளிலேயே தங்கிப் போய்விடுமாம். மிஞ்சும் பணத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ளாமல் மற்றப் பாட்டுக்காரர்களுக்கே பங்கிட்டு விடுகிறார்களாம். இந்தச் சமாதானத்தை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. கூலி சொற்பம் என்பது கூலியை மறுப்பதற்கு நியாயமாகுமா? சேர்த்து வைத்து வருஷத்துக்கொரு முறை கொடுப்பதை யார் தடுத்தார்கள்? கோடிக்கணக்கான சிறு பாட்டுக்களிலிருந்து சுரண்டித் திரட்டியதை, ஏற்கெனவே ஆயிரமும் லக்ஷமுமாகக் கேட்கப்படுகிறவர்களுக்கு வழங்குவது தருமமாகாது. ஏழையின் உண்டியலை உடைத்துப் பணக்காரன் வீட்டுக் கலியாணத்துக்கு மொய் எழுதுவது போன்றதே அது.

யூட்யூபின் ஏற்பாடு வேறு விதம். விளம்பர வருமானத்தில் பங்கு பெற 1,000 சந்தாதாரரும், ஒரு வருஷத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் சாதாரணமாக வேண்டும். அதைக்காட்டிலும் வேதனை தருவது 'கண்டென்ட் ஐடி' என்னும் யந்திரக் காவலாளி. பிறருடைய பாட்டை ஒருவர் திருடினால் கண்டுபிடிப்பதற்காக ஏற்பட்டது அது. பெரிய சரக்குக் கையிருப்பு உள்ள கம்பெனிகளே அதைப் பயன்படுத்தலாம். தனி மனிதனுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. தியாகராஜ சுவாமிகள் சித்தியடைந்தது 1847 இல். அவருடைய கீர்த்தனையை எவரும் பாடலாம். ஆயினும் ஓர் எளிய வித்வான் தம் சொந்தக் குரலில் அதைப் பாடி வெளியிட்டால், ஏதோ ஒரு கம்பெனியின் இசைத்தட்டோடு ராகமும் மெட்டும் ஒத்திருக்கிறதென்று யந்திரம் குற்றஞ்சாட்டி, வருமானத்தை அக்கம்பெனிக்குத் திருப்பிவிடக்கூடும். அவர் முறையிட்டால், அம்முறையீட்டை முதலில் ஆராய்வதும் அதே கம்பெனிதான். வாதியே நீதிபதியாக அமரும் கோர்ட்டை வேறெங்கும் கண்டதுண்டா?

சட்டம் நமக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமன்று. 1977 இல் சுப்ரீம் கோர்ட்டார் அளித்த தீர்ப்பினால் சினிமாப் பாட்டின் பாத்தியதை பட முதலாளிக்கே என்றாகி, கவிஞரும் இசையமைப்பாளரும் கைவிடப்பட்டிருந்தனர். 2012 ஆம் வருஷத் திருத்தச் சட்டம் அந்த அநீதியைத் திருத்தியது. பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டியில் தமக்குரிய சம பாகத்தை, வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது; எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. காலம் குறிப்பிடாத பத்திரம் ஐந்து வருஷத்துக்கே செல்லும். தேச எல்லை குறிப்பிடாவிடில் இந்தியாவுக்கு மட்டுமே செல்லும். இவற்றை நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? செல்பேசியில் 'சம்மதம்' என்ற பொத்தானை அமுக்குமுன் அந்த நீண்ட பத்திரத்தைப் படிப்பவர் யார்? சட்டத்தில் உரிமை இருந்தென்ன, அதைக் கேட்கும் இடம் எங்கே? பதிப்புரிமைத் தகராறுகளையும் விசாரித்துவந்த தனி நியாய ஸ்தலம் 2021 இல் கலைக்கப்பட்டு, இவ்வழக்குகள் வர்த்தகக் கோர்ட்டுகளுக்குச் சென்றுவிட்டன. சில நூறு ரூபாய்க்காக வர்த்தகக் கோர்ட்டின் படியேறும் பாட்டுக்காரனை நாம் இதுவரை கண்டதில்லை.

கணக்கு என்பது எத்துணை முக்கியம் என்பதற்கு 'என்ஜாய் எஞ்சாமி' விவகாரமே போதும். 2021 மார்ச்சில் வெளியாகி, நிலமிழந்த மக்களின் துயரத்தை உலகமெங்கும் ஒலிக்கச் செய்த பாட்டு அது. அறிவு எழுதி, தீயும் அவரும் பாடியது. மூன்று வருஷம் கழித்து 2024 மார்ச்சில், அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அப்பாட்டினால் தங்களுக்கு ஒரு வருமானமும் வரவில்லை என்று பகிரங்கமாகக் கூறினார். வெளியிட்ட கம்பெனியார் குற்றச்சாட்டை மறுத்தார்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் முன்வரவில்லை. புகழ்பெற்ற சினிமா இசையமைப்பாளர் ஒருவருக்கே கணக்கைப் பற்றி இவ்வளவு வழக்கிருக்குமானால், பெயரறியாத கிராமத்துப் பாடகன் கதி என்ன என்பதையே கேட்கிறோம்.

பணம் மட்டுமன்று, பாட்டே தொலைந்து போகும் அபாயமும் இருக்கிறது. மைஸ்பேஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனியிடம் உலகத்தின் தனிப் பாடகர்கள் 12 வருஷ காலமாக ஒப்படைத்திருந்த ஐந்து கோடிப் பாட்டுக்கள், இயந்திர மாற்றத்தின்போது அழிந்துபோயின என்று 2019 இல் தெரியவந்தது. நம் தேசத்தில் 1954 ஆம் வருஷச் சட்டப்படி அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியும் கல்கத்தா தேசிய நூல்நிலையத்துக்கும் சென்னைக் கன்னிமாரா நூல்நிலையத்துக்கும் செல்ல வேண்டும். அச்சிட்ட ஸ்வரக் காகிதத்தையும் புத்தகமென்றே அச்சட்டம் கொள்கிறது. ஒலிப்பதிவைச் சொல்லவில்லை! எழுதிய ஸ்வரத்துக்கு உள்ள மரியாதை பாடிய ஸ்வரத்துக்கு இல்லாதது விந்தையே. பாரதியாரின் பாட்டுக்களை இசைத்தட்டிலும் சினிமாவிலும் உபயோகிக்கும் உரிமை வியாபாரிகளிடம் போய், கடைசியில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடமிருந்து 1949 இல் சென்னைச் சர்க்காரின் வசம் வந்தது. அன்று செய்ததை ஒரு மகாகவிக்குச் செய்தோம். இன்று பாடுகிறவனின் குரலை அவன் உயிரோடிருக்கும்போதே காப்பாற்றும் ஏற்பாடு வேண்டாமா?

ஆகவே மத்திய சர்க்கார் 1954 ஆம் வருஷச் சட்டத்தில் ஒலிப்பதிவையும் சேர்த்து, ஆக்கியோன் இஷ்டப்பட்டால் தன் பாட்டின் பிரதியைக் கட்டணமின்றி ஒப்படைக்க வழி செய்ய வேண்டும். இந்தியாவில் பாட்டை ஒலிக்கச் செய்து வருமானம் பெறும் எந்தக் கம்பெனியும், எத்தனை தடவை கேட்கப்பட்டது, எவ்வளவு சேர்ந்தது, யார் யார் பிடித்துக்கொண்டார்கள் என்ற கணக்கை ஆக்கியோனுக்குக் காட்டவேண்டுமென்றும், முதல் தடவை தொடங்கியே கூலி சேரவேண்டுமென்றும் சட்டம் ஏற்பட வேண்டும். சிறு தொகைத் தகராறுகளை ஜில்லாத் தலைநகரிலேயே வக்கீலின்றி முடிக்கும் ஏற்பாடும் தேவை.

சர்க்காரைக் கேட்குமுன் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கட்சி மாநாடுகளிலும் தெருமுனைக் கூட்டங்களிலும், தலைவர் வருமுன் ஜனங்களைச் சேர்ப்பதற்காக இந்த இளைஞர்களின் பாட்டுக்களை ஒலிபெருக்கியில் போடுகிறோம். யாருடைய பாட்டு என்று சொல்வதில்லை. அவரைக் கேட்பதுமில்லை. கேட்டாலும், "கொள்கைக்காகத்தானே, தம்பி!" என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுகிறோம். பந்தல்காரனிடமோ ஒலிபெருக்கிக்காரனிடமோ இவ்விதம் சொல்ல நமக்குத் துணிவில்லை. வருகிற மாநாடுகளின் வரவு செலவுத் திட்டத்தில், பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் எழுதும் தொகைகளுக்குக் கீழே, பாட்டுக்காரருக்கு என்றும் ஒரு தொகையை எழுதும்படி எல்லாக் கட்சிகளின் காரியதரிசிகளையும் கேட்டுக்கொள்கிறோம்.