தொலைமருத்துவமும் அரசாங்கத்தின் கடமையும்

நோயாளி ஓரிடத்திலும் வைத்தியர் வேறோரிடத்திலும் இருக்க, இடையிலே ஒரு கருவியை வைத்துச் சிகிச்சை நடத்தும் முறை உலகெங்கும் பரவிவரும் இக்காலத்தில், அதைப் பரப்புவதில் அரசாங்கங்கள் காட்டும் உற்சாகத்தை அதன் பலனைப் பரிசோதிப்பதில் காட்டுவது அபூர்வம். திட்டத்தின் ஆரம்ப விழாவுக்கு மந்திரிகள் வருகிறார்கள். மூன்று வருஷம் கழித்து, அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் விளைந்தது என்று கேட்க எவரும் வருவதில்லை. பரப்புதல், பரிசோதித்தல் என்னும் இவ்விரு காரியங்களையும் ஒருங்கே செய்ய முயன்ற தேசங்களில் டென்மார்க் முக்கியமானது. சுமார் 60 லட்சம் ஜனங்களே வாழும் அச்சிறு நாட்டின் அனுபவத்தில் நாம் பின்பற்றத் தக்கதும் உண்டு. எச்சரிக்கையாகக் கொள்ளத் தக்கதும் உண்டு.

அங்கே அஸ்திவாரம் நெடுங்காலத்துக்கு முன்பே இடப்பட்டது. 1968-ல் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்கங்கள் கொண்ட ஒரு பதிவெண் வழங்கப்பட்டது. அந்த ஒரே எண்ணே மருத்துவமனையிலும் மருந்துக்கடையிலும் நகராட்சியிலும் இன்றளவும் செல்லுபடியாகிறது. 1994-ல் மெட்காம் என்னும் ஸ்தாபனம் தோன்றி, மருந்துச்சீட்டும் பரிசோதனை முடிவும் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குப் பிழையின்றிப் போய்ச் சேருவதற்கான பொது விதிகளை வகுத்தது. 2003-ல் திறக்கப்பட்ட அரசாங்கச் சுகாதார வலைவாசலில் பிரஜை தன் மருத்துவக் குறிப்புகளைத் தானே படிக்கலாம். 2009 முதல், நோயாளி மின்னஞ்சலில் கேட்கும் கேள்விக்குப் பதில் அளிப்பது குடும்ப வைத்தியரின் கட்டாயக் கடமையாயிற்று. வைத்தியச் செலவில் பெரும்பகுதியை வரிப்பணத்திலிருந்தே ஏற்றுக்கொள்ளும் ஓர் அரசாங்கம், இத்தகைய ஏற்பாடுகளை ஆரவாரமின்றி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடித்த பிறகே தொலைமருத்துவத்தைப் பெரிய அளவில் நாடிற்று என்பது கவனிக்கத் தக்கது.

2012-ல் தொலைமருத்துவத்தைப் பரப்புவதற்கென்று ஒரு தேசியச் செயல்திட்டம் வெளியாயிற்று. அதே சமயத்தில் வட ஜட்லாந்துப் பிராந்தியத்தில், டெலிகேர் நார்த் என்ற பெயரில் ஒரு பெரும் பரிசோதனையும் தொடங்கிற்று. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் மூச்சுத் திணறி வாழும் 1,225 பேரைத் தெரிந்தெடுத்து, நகராட்சி வட்டாரங்கள் 26-ஐயும் சீட்டுக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் கைக்கணினியும், இரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் அளவு, உடல் எடை ஆகியவற்றை அளக்கும் கருவிகளும் கொடுத்தார்கள். நோயாளி தன் வீட்டிலிருந்தே அளந்து அனுப்ப, நகராட்சித் தாதி அவற்றைப் பார்த்து, மாறுதல் தென்பட்டால் விசாரிப்பாள். மற்றப் பிரிவினர் வழக்கமான சிகிச்சையையே பெற்றார்கள்.

ஓராண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது, இரு பிரிவினரின் வாழ்க்கை நலத்திலும் குறிப்பிடத் தக்க வேற்றுமை எதுவும் காணப்படவில்லை. செலவோ, ஒருவருக்கு முழுநலமுள்ள ஓர் ஆண்டு ஆயுளைக் கூடுதலாகப் பெற்றுத்தர சுமார் 55,000 யூரோ என்று கணக்காயிற்று. நோய் கடுமையான நிலையை எட்டியவர்களுக்கு மட்டும் இந்தச் செலவு தகும் என்று தோன்றியது. ஓடென்ஸ பல்கலைக்கழக மருத்துவமனையில், வீடு திரும்பிய நோயாளிகளிடம் காணொளிக் கருவி அடங்கிய பெட்டியைக் கொடுத்தனுப்பி, தாதியர் ஒரு வாரம் தினந்தோறும் பேசிவந்த முந்தைய பரிசோதனையும், அவர்கள் மீண்டும் மருத்துவமனையில் சேருவதைக் குறைத்ததாகக் காட்டவில்லை.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கும் வழக்கம் எந்நாட்டு நிர்வாகத்துக்கும் பொதுவாயிருக்க, பொதுப்பணத்தைச் செலவிட்டு நடத்திய திட்டம் எதிர்பார்த்த அளவு பலிக்கவில்லை என்பதை டேனிஷ் ஆராய்ச்சியாளர்கள் விஞ்ஞானப் பத்திரிகைகளில் பகிரங்கமாக எழுதினார்கள். என் அபிப்பிராயத்தில், அந்தத் தேசம் இத்துறையில் செய்த மிகப் பெரிய சாதனை இதுவே. கருவியை எவரும் விலைக்கு வாங்கிவிடலாம். அது யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என்னும் அறிவை, அப்படிப் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அடைய முடியும்.

ஆயினும் குறையும் சொல்லத்தான் வேண்டும். மத்திய அரசாங்கமும் பிராந்தியங்களும் நகராட்சிகளும் கூடி, இந்த நோயாளிகளுக்கான வீட்டுக் கண்காணிப்பை 2019 முடிவதற்குள் நாடெங்கும் கொண்டுவருவதாக உடன்பாடு செய்துகொண்டன. 98 நகராட்சிகளும் ஐந்து பிராந்தியங்களும் பொதுவாகப் பயன்படுத்த வேண்டிய கணினி அமைப்பை வாங்கிப் பொருத்துவதில் காலம் கடந்துகொண்டே போக, குறித்த தவணையும் தவறிற்று. இவ்வளவு ஒழுங்கான நாட்டிலேயே, ஒரு பிராந்தியத்தில் நடந்த பரிசோதனை தேசம் முழுவதற்குமான சேவையாக மாறுவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன என்றால், ஓர் உத்தரவினால் ஒரே வருஷத்தில் எல்லாம் நடந்துவிடும் என்று நம்புகிறவர்கள் சற்று யோசிக்க வேண்டும்.

இனி மேற்பார்வை. வீட்டிலிருந்து புறப்படும் ஒவ்வோர் அளவும் எங்கோ சேமிக்கப்படுகிறது. சேமிக்கப்பட்டது எதற்கெல்லாம் பயன்படும் என்பது நோயாளிக்குத் தெரியாது. குடும்ப வைத்தியர்களின் கணினிகளிலிருந்து தகவல் திரட்டிவந்த ஒரு தேசியத் தொகுப்பு, சட்டம் அனுமதித்த எல்லையைத் தாண்டி நோயாளிகளின் அந்தரங்கங்களைச் சேர்த்திருந்தது 2014-ல் வெளிப்பட்டு, பெரும் விவாதத்துக்குப் பின் 2015-ல் அத்தகவல்கள் அழிக்கப்பட்டன. 2016 முதல் கோபன்ஹேகன் பிராந்திய மருத்துவமனைகளில் புகுத்தப்பட்ட புதிய கணினி அமைப்புக்குப் போதிய முன்னேற்பாடு செய்யப்படவில்லை என்று, 2018-ல் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளிப்படையாகக் கண்டித்தது. தவறு நேராத நாடு உலகில் இல்லை. நேர்ந்த தவறைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கு அதிகாரமும் சுதந்திரமும் பெற்ற ஸ்தாபனங்கள் இருக்கின்றனவா என்பதே கேள்வி. இவ்விஷயத்தில் டென்மார்க்கின் பரம்பரை நல்ல பரம்பரை. தமிழ் அகதிகளின் குடும்பங்கள் வந்து சேருவதைச் சட்டத்துக்கு விரோதமாக நிறுத்திவைத்த குற்றத்துக்காக, முன்னாள் நீதி மந்திரி எரிக் நின்-ஹான்சனை 1995-ல் விசேஷ நீதிமன்றம் தண்டித்ததும், அதன் பொருட்டு 1993-லேயே பிரதம மந்திரி ஷ்லூட்டர் பதவி விலகியதும் தமிழர்கள் மறக்கக் கூடாத சரித்திரம்.

அந்தத் தமிழர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து அடைக்கலம் நாடிச் சென்று, ஹெர்னிங் முதலான ஜட்லாந்து நகரங்களில் குடியேறி, உழைத்து, கோயில் கட்டி வாழ்ந்த தலைமுறை இன்று முதுமையை எட்டியிருக்கிறது. நீரிழிவும் இருதய வியாதியும் வந்து சேருகிற இந்த வயதில்தான், கருவியோடும் திரையோடும், பிற்காலத்தில் கற்ற ஓர் அந்நிய பாஷையோடும் அவர்கள் மல்லாட வேண்டியிருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் நாட்டில் வசித்தவர்கள் வைத்தியரிடம் மொழிபெயர்ப்பாளரின் உதவி பெற்றால் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற சட்டம் 2018 ஜூலை முதல் அமுலுக்கு வந்தது. தூரத்தைக் குறைப்பதற்குப் பெரும் பொருள் செலவிடும் அரசாங்கம், பாஷை என்னும் மற்றொரு தூரத்தை இப்படி அதிகமாக்கியது நியாயமாகாது. அதே கோபன்ஹேகனில் லிட்டில் பிரின்ஸ் என்னும் மனநல நிலையம், அகதிகளையும் குடியேறியவர்களையும் அவரவர் தாய்மொழி பேசும் வைத்தியரோடு காணொளி வழியே இணைத்து, இந்தக் கருவியைக் கொண்டே பாஷையின் தடையைத் தாண்டலாம் என்று காட்டியிருக்கிறது. கருவியோடு மல்லாடும் சங்கடம் அந்நியர்க்கு மட்டும் உரியதன்று. வயது வந்தோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கணினி வழிச் சேவைகளில் இடர்ப்படுகிறார் என்று அரசாங்கத் தரப்பு அறிக்கையே 2021-ல் கூறிற்று.

2024 நவம்பரில் டேனிஷ் கட்சிகள் ஒப்புக்கொண்ட சுகாதாரச் சீர்திருத்தம், பிராந்தியங்களின் எண்ணிக்கையை நான்காக்குவதோடு, குடும்ப வைத்தியர்களின் தொகையை 2035-க்குள் குறைந்தபட்சம் 5,000 ஆக உயர்த்தவும் இலக்கு வைத்திருக்கிறது. கணினி மருத்துவத்தில் உலகுக்கு முன்மாதிரி என்று பெயர் பெற்ற நாடு, அதே மூச்சில் மனித வைத்தியர்களை அதிகமாக்கத் தீர்மானித்திருப்பது ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது. வைத்தியர் பஞ்சத்தை மறைக்கும் திரையாகத் தொலைமருத்துவத்தைப் பயன்படுத்த முடியாது என்பதை அனுபவம் அவர்களுக்கு உணர்த்தியிருக்க வேண்டும்.

நம் நாட்டு நிலையைப் பார்ப்போம். 2020 மார்ச் மாதத்தில் இந்திய அரசாங்கம் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, வைத்தியர் தொலைபேசியிலும் காணொளியிலும் ஆலோசனை கூறுவதற்குச் சட்ட ரீதியான இடம் அளித்தது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் வீடு தேடிச் சென்று கவனிக்கும் பெண் தன்னார்வலர்களை ஊர்தோறும் நியமித்தது. ஜட்லாந்தின் நகராட்சித் தாதிக்கு ஒப்பான ஒருத்தி நம் கிராமத்திலும் இருக்கிறாள் என்பதே இதன் சிறப்பு. அவள் கையில் கருவியும், அவளுக்குப் பின்னே கூப்பிட்டால் பதில் சொல்லும் வைத்தியரும் இருந்தால், டென்மார்க் பெருஞ்செலவில் நாடியதைக் குறைந்த செலவில் நாம் அடையக்கூடும்.

அதற்கு அரசாங்கம் செய்ய வேண்டியவை சில. திட்டத்தை நடத்தும் இலாகாவே அதை மதிப்பிடாமல், தனித்த ஒரு ஸ்தாபனம் ஒப்பிட்டு ஆராய்ந்து, பலித்ததையும் பலிக்காததையும் தமிழில் பிரசுரிக்க வேண்டும். கருவி வழியே தரும் ஆலோசனையில் பிழை நேர்ந்தால் எந்த அதிகாரியிடம் முறையிடுவது என்பது, அந்த ஆலோசனை பெறும் ஒவ்வொரு நோயாளிக்கும் எழுத்து மூலம் தெரிவிக்கப்பட வேண்டும். நோயாளியின் விவரங்கள் எங்கே, எவ்வளவு காலம், யார் பொறுப்பில் இருக்கும் என்பது சட்டத்தால் வரையறுக்கப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வைத்தியரை நேரில் காண விரும்பும் நோயாளிக்கு அந்த உரிமை ஒருபோதும் மறுக்கப்படலாகாது. இவற்றைச் செய்யாமல் கருவிகளை மட்டும் வாங்கிக் குவிக்கும் திட்டத்துக்கு வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கப்படுமானால், சட்டசபையில் அதை எதிர்த்துக் கேள்வி எழுப்புவது நம் பிரதிநிதிகளின் கடமை.