விருந்தினர் எனும் பெயருடையார்

நம் பேருந்து நிலையத்தின் அருகே மாலை வேளைகளில் தள்ளுவண்டிக் கடைகளைச் சூழ்ந்து நிற்கும் மாணவரைக் காண்கின்றேன். ‘ஹக்கா நூடுல்ஸ்’ எனக் கேட்டு வாங்கி உண்கின்றனர். ஹக்கா என்பது ஒரு மக்களின் பெயர் என்று வகுப்பில் ஒருநாள் கூறியபோது, நகைச்சுவை என்றெண்ணிச் சிரித்தனர். அவர்களைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. அம்மக்களின் கையால் உண்டு வளர்ந்த நானே நாற்பது வயதுவரை அதனை அறிந்திலேன்.

அத்தா கல்கத்தாவில் தோல் வணிகர் ஒருவரிடம் கணக்கராகப் பணியாற்றினார். 1980களின் இறுதியில், எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, மாதம் ஒருமுறை என்னை டாங்ராவுக்கு அழைத்துச் செல்வார். சீனரின் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி அது. ஈரத்தோலின் வாடை தெருமுனையிலேயே எதிர்கொள்ளும். வாணியம்பாடிப் பக்கத்துப் பிள்ளைக்கு அது ஊர்வாடை. அத்தொழிற்சாலைகளுள் ஒன்றின் முன்னறையில் நான்கு மேசைகள், அதுவே உணவகம். பன்றியிறைச்சி சமைத்த பாத்திரத்தில் ஆக்கியதை அத்தா உண்ணமாட்டார் என்பதறிந்து, அவ்வீட்டு அம்மையார் எங்களுக்கெனத் தனியே ஒரு சட்டி வைத்திருந்தார். இறைச்சி எதுவும் அதில் வேகாது. நாங்கள் நுழைந்தவுடன் அச்சட்டியை உயர்த்திக் காட்டிவிட்டே அடுப்பில் ஏற்றுவார். இஞ்சி மணக்கும் மீன் சாறு, பின்னர் முட்டை சேர்த்த நூடுல்ஸ் ஒரு தட்டு. காய்ச்சல் கண்டு எழும் நாள்களில் இன்றும் என் நா அந்தச் சாற்றையே கேட்கின்றது.

2023ஆம் ஆண்டு கருத்தரங்கு ஒன்றின் பொருட்டுக் கொல்கத்தா சென்றபோது அவ்விடத்தைத் தேடிப் போனேன். தோல் வாடை இல்லை. பாலாற்றை மாசுபடுத்திய நம் பகுதித் தொழிற்சாலைகள் குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அதே 1996இல்தான், கல்கத்தாவின் தோல் தொழிற்சாலைகளையும் இடம்மாற்ற ஆணையிட்டது. அவற்றுட் சில பின்னர் உணவகங்களாயின. நான் தேடிய வீடும் இப்போது குளிரூட்டப்பட்ட கூடம். உணவுப் பட்டியலில் கோபி மஞ்சூரியனும் சில்லி பன்னீரும் இருந்தன. மீன் சாறு இல்லை. கல்லாவில் அமர்ந்திருந்த மகனிடம் தனிச் சட்டியைப் பற்றிச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் உள்ளே சென்றவர், தாமே சாறு வைத்துக் கொணர்ந்தார். இஞ்சி சற்றுக் குறைவு. இரண்டு கிண்ணம் குடித்தேன்.

அவர் சொல்லித்தான் அறிந்தேன். அம்மையார் அசாமின் மாகுமில் பிறந்தவர். 1962 போரின்போது, பன்னிரண்டு வயதில், பெற்றோருடன் பிடிக்கப்பட்டு இராஜஸ்தானின் தியோலி முகாமில் அடைக்கப்பட்டார். அங்கு அடைக்கப்பட்ட சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேர். இந்நாட்டிலேயே பிறந்தவர் பலர். விசாரணை ஏதுமில்லை. கடைசியாக எஞ்சியோர் 1967இல்தான் வெளிவந்தனர். அம்மையாரின் குடும்பம் திரும்பியபோது வீடு ஏலத்தில் போயிருந்தது. அதன்பின்னரே கல்கத்தா. இவற்றையெல்லாம் அத்தா அறிந்திருந்தாரா? இல்லையென்றே எண்ணுகின்றேன். சாறு நன்றாக இருந்தது. வேறெதுவும் கேட்கத் தோன்றியிராது.

‘இங்குக் கிடைப்பது அசல் சீன உணவன்று’ என்று திருத்துவோர் உளர். சிக்கன் மஞ்சூரியன் 1975இல் பம்பாயில் நெல்சன் வாங் என்னும் கல்கத்தாச் சீனர் ஆக்கியது; மஞ்சூரியாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இருக்கட்டும். என் கவலை வேறு. உணவை நம்முடையதாக்கிக் கொள்ள நமக்கு ஒரு தலைமுறைகூட ஆகவில்லை. அதனை ஆக்கியவரை நம்மவராக்கிக் கொள்ள இரு நூற்றாண்டும் போதவில்லை. ‘எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள்?’ என்று வாடிக்கையாளர் இன்றும் தம்மைக் கேட்பதாக அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அக்கேள்வியின் கூர்மையை இம்மலரைப் படிப்போரில் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஹக்கா என்னும் சீனச் சொல்லுக்கு ‘விருந்தினக் குடியினர்’ என்பது பொருள். தென்சீனத்தில் குடியேறியபோது அங்கு முன்பிருந்தோர் இட்ட பெயர் அது. விருந்தோம்பல் அதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்தும் தமிழாசிரியன் ஒருவன் வெட்கப்படுதற்கு அப்பெயர் போதும்.

விடைபெறும்போது, விரைவில் கடையை மூடிவிட்டு டொரன்டோவிலுள்ள தமக்கையிடம் செல்லப்போவதாகச் சொன்னார். ‘போகாதீர்கள்’ எனச் சொல்ல நா எழுந்தது. முப்பதாண்டு எட்டிப்பாராத வாடிக்கையாளனின் பழைய சாற்றுக்காக ஒரு குடும்பம் அங்கேயே காத்திருக்க வேண்டுமா? அச்சட்டி எங்கே என்று மட்டும் கேட்டேன். தமக்கை அதனைக் கையோடு எடுத்துச் சென்றுவிட்டாராம்.