இரண்டாம் நாள் சைக்கிளுக்கு என்ன பதில்?

போன வாரம் திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு மளிகைக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரரின் மருமகள் காய்ச்சலில் விழுந்து எழுந்து ஒரு வருடம் ஆகிறது. இன்னும் மாடிப்படி ஏற முடியவில்லை. ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். சாமானைக் கட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "சீக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, வெறும் மடி. காலையில நாலு ரவுண்டு நடந்தா சரியாப் போகும்னு டாக்டரே சொல்லிட்டாரு." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காய்ச்சலுக்குப் பின் இப்படி முடக்கிப்போடும் நாள்பட்ட களைப்பு நோயை உலக சுகாதார நிறுவனம் நரம்பு மண்டல நோய்களின் வரிசையில் சேர்த்தது 1969-ல். ஆனாலும் இது மனசுக்குள் முளைத்த சோம்பல் என்ற நம்பிக்கை சாலைக் கடைத்தெருவிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வரை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

இந்த நம்பிக்கைக்காரர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இரண்டாம் நாள் சைக்கிளுக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? நோயாளியைச் சைக்கிளில் ஏற்றி, முகமூடி மாட்டி, அவர் இழுக்கும் ஆக்சிஜனையும் விடும் கார்பன் டை ஆக்சைடையும் அளக்கிறார்கள். மறுநாள் அதே சைக்கிள், அதே சோதனை. உடற்பயிற்சியே செய்யாத ஆரோக்கியமான ஆள் முதல் நாள் மிதித்ததை மறுநாளும் ஏறக்குறைய அப்படியே மிதிக்கிறார். இந்த நோயாளிக்கோ மூச்சு முட்டத் தொடங்கும் எல்லை மறுநாள் வெகு முன்னாலேயே வந்துவிடுகிறது. 2013-ல் அமெரிக்காவில் 51 பெண் நோயாளிகளிடம் இதை அளந்து காட்டினார்கள். முழுமூச்சாக மிதித்தாரா, பாசாங்கு செய்தாரா என்பதையும் அந்த மூச்சுக் காற்றின் கணக்கே சொல்லிவிடும். சோம்பேறி முதல் நாளே மிதிக்க மாட்டான். முதல் நாள் மிதித்துவிட்டு மறுநாள் விழுகிறவளை எந்த நாக்கால் சோம்பேறி என்கிறீர்கள்?

நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமி ஆரியசாலைக் கோயிலுக்கு எழுந்தருளியபோது அந்தக் கடைக்காரரின் மருமகள் தெருமுனை வரை போய்க் கும்பிட்டாளாம். பிறகு மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. "கும்பிடப் போக முடியுது, குழம்பு வைக்க முடியலையா?" என்று கேட்கிறது வீடு. அவள் வீட்டில் நடந்ததும் அதே இரண்டாம் நாள் சைக்கிள்தான்.

இந்த அநியாயம் புதிதல்ல. 1955-ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 292 ஊழியர்கள் இதுபோன்ற நோயில் விழுந்தார்கள். மருத்துவமனையையே மூட வேண்டிவந்தது. 1970-ல் மெக்கெவெடி, பியர்ட் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் ஒரு நோயாளியைக்கூடத் தொட்டுப் பார்க்காமல், பழைய குறிப்புகளைப் புரட்டியே 'கூட்டு ஹிஸ்டீரியா' என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பது அவர்களுக்கு ஒரு சான்று! பெண் படுத்தால் மனசு, ஆண் படுத்தால் நோய். நம் வீடுகளில் மாதவிடாய் வலிக்கும் தைராய்டுக்கும் இதே நீதிதான். சிக்குன்குனியா 2006-லும் 2007-லும் கேரளத்தைப் புரட்டியெடுத்த பிறகு, மாதக்கணக்கில் மூட்டுவலியோடும் அசதியோடும் கிடந்த பெண்கள் வாங்கிய பேச்சு கொஞ்சமா?

நடந்தால் சரியாகும் என்ற உபதேசத்துக்கு வருகிறேன். 2011-ல் பிரிட்டனில் 641 பேரை வைத்து நடத்திய ஆய்வு, படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டினால் குணம் தெரியும் என்று அறிவித்தது. குணமடைந்ததற்கு முதலில் வகுத்த அளவுகோலையே தளர்த்தியிருந்தார்கள் என்பது பின்னால் வெளிச்சத்துக்கு வந்தது. 2021 அக்டோபரில் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், அந்தப் பயிற்சியைக் கொடுக்காதீர்கள் என்று எழுதிவிட்டது. இங்கே அதையே இன்னமும் சீட்டில் எழுதிக்கொடுக்கிறார்கள். மறுநாள் விழும் உடம்பைத் தினமும் ஓட்டிப் பார்ப்பது வைத்தியமா, வதையா?

ரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்பார்கள். ரத்தத்தில் எதைத் தேடினார்கள்? சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு. தேடாத இடத்தில் எது அகப்படும்? 2025 ஆகஸ்டில் எடின்பரோ ஆய்வாளர்கள் 15,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் டி.என்.ஏ.வை அலசி, எட்டு இடங்களில் வேறுபாடு இருப்பதாகச் சொன்னார்கள். நோயெதிர்ப்போடும் நரம்போடும் தொடர்புள்ள மரபணுக்கள் அவற்றின் அருகே இருக்கின்றன. எல்லாருக்கும் பொருந்தும் ஒற்றைப் பரிசோதனை இன்னும் வரவில்லை. அது ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்காதவர்களின் குற்றம். படுத்துக் கிடப்பவளின் குற்றம் அல்ல.

இந்த ஊரில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனம் இருக்கிறது, ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. இத்தனை இருந்தும் காய்ச்சலுக்குப் பின் எழ முடியாதவர்களின் முறையான கணக்கெடுப்பும், அவர்களுக்கென்று ஒரு ஆராய்ச்சியும் கேட்பது பேராசையா? அதுவரை டாக்டர்கள் "நார்மல்" என்று எழுதும் முன் ஒரு கேள்வி கேட்கட்டும்: "வேலை செய்த மறுநாள் உனக்கு எப்படி இருக்கிறது?" அந்தப் பதிலைக் கேட்கப் பொறுமை இல்லாத எவருக்கும் அவளைச் சோம்பேறி என்று சொல்ல உரிமை இல்லை.