ஒன்பதாம் வகுப்பையும் பிரிக்க விடாதீர்கள்

ஊர்ப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், நம் அரசு உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர்கள், அங்கே படித்து வெளிவந்த முன்னாள் மாணவர்கள், இந்த ஊரில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்கள் ஆகிய நாங்கள் சேர்ந்து விடுக்கும் வேண்டுகோள்.

காலாண்டுத் தேர்வு மார்க் வந்த கையோடு பத்தாம் வகுப்பை இரண்டாகப் பிரித்தது உங்களுக்குத் தெரியும். கணக்கில் 35 எடுத்தவர்கள் ஓர் அறையில். எடுக்காதவர்கள் 'மெல்லக் கற்போர்' என்ற பெயரோடு அடுத்த அறையில். அந்த அடுத்த அறையில் அன்றைக்கு மூடிய இயற்கணிதப் பாடத்தை இன்றுவரை யாரும் திறக்கவில்லை. வடிவியல் தேற்றம் ஒன்றுகூட நடத்தப்படவில்லை. முக்கோணம் வரை, தொடுகோடு வரை, கிராஃப் போடு, பாடத்தின் பின்னால் இருக்கும் ஒரு மார்க் கேள்விகளுக்கு விடையை மனப்பாடம் செய். மார்ச் வரைக்கும் இதுதான் கணக்கு வகுப்பு. போன பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பையும் இதேபோல் பிரிக்கலாம் என்று பேச்சு வந்தது. எதிர்த்து ஒரு குரல் எழவில்லை. ஜனவரிக் கூட்டத்தில் அது முடிவாகப்போகிறது. அதற்கு முன்பு நாங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு கூட்டல் கணக்கு இருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணிதத் தாளில் ஒரு மார்க் கேள்வி 14. இரண்டு மார்க்கில் 14 கொடுத்து 10 எழுதச் சொல்வார்கள். ஐந்து மார்க்கிலும் 14 கொடுத்து 10. கடைசியில் வடிவியல் வரைதலுக்கு 8, கிராஃபுக்கு 8. 'அல்லது' கேள்விகளையும் சேர்த்தால் 144 மார்க்குக்குக் கேள்வி அச்சாகி வருகிறது, 100 மார்க்குக்கு விடை எழுதினால் போதும். வரைதலும் கிராஃபும் சேர்ந்து 16. ஒரு மார்க்கில் ஒன்பதோ பத்தோ தேறும், அதிலும் நான்கு விடைகளில் ஒன்றைக் குறிப்பதுதான் வேலை. இன்னும் ஐந்து இரண்டு மார்க். வந்துவிட்டது 35. எட்டுப் பாடம் உள்ள புத்தகத்தில் ஒரு பாடம்கூட முழுதாகப் புரியாத பிள்ளைக்கும் 'தேர்ச்சி' என்று சான்றிதழ் வந்துவிடும்.

2025 பொதுத் தேர்வை 8,71,239 பேர் எழுதினார்கள், 8,17,261 பேர் தேறினார்கள், 93.80 சதவீதம். முந்தைய ஆண்டு 91.55. விழுக்காடு ஏறியதில் எங்களுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அதே இரண்டு ஆண்டுகளில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்களைப் பாருங்கள். 2024இல் 20,691 பேர். 2025இல் 1,996 பேர். ஒரே ஆண்டில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் மூளை ஓராண்டில் மழுங்கிவிடாது. தாளின் போக்கு கொஞ்சம் மாறினால்கூட நம் மார்க் தாங்காது என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? முதல் வரிசைப் பிள்ளைகளுக்கே இந்த நிலை. படத்தையும் கிராஃபையும் மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கும் அடுத்த அறைப் பிள்ளைகளுக்குக் கேள்வி சற்றுத் திரும்பி வந்தால் என்ன கதி?

எங்களை மிகவும் கோபப்படுத்தும் விஷயம் ஒன்று உண்டு. அதை விரிவாகவே சொல்கிறோம்.

எட்டு மார்க் வரைதலில் அடிக்கடி பழகவைப்பது ஒத்த முக்கோணம். அளவு காரணி ஏழின் கீழ் நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்தின் ஒரு முனையிலிருந்து சாய்வாக ஒரு கோடு இழுத்து, அதில் காம்பஸால் ஏழு சம வெட்டுகள் போட வேண்டும். நான்காவது வெட்டை அடிப்பக்கத்தின் மறுமுனையோடு சேர்க்க வேண்டும். ஏழாவது வெட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு இணையாக இன்னொரு கோடு. நீட்டிய அடிப்பக்கத்தை அது தொடும் இடம்தான் புது முக்கோணத்தின் முனை. மூன்றின் கீழ் ஐந்து என்று கேட்டால் வெட்டு ஐந்து, சேர்ப்பது ஐந்தாவதை, இணைகோடு மூன்றாவதிலிருந்து. எங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அடுத்த அறைப் பிள்ளைகள் சிலரை வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து இதை வரையச் சொன்னார். அழகாக வரைந்தார்கள். "ஏழின் கீழ் நாலுன்னா புது முக்கோணம் பெரிசா வருமா, சின்னதா வருமா?" என்று வரைவதற்கு முன்பே கேட்டிருந்தார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. "ஏன் இணைகோடு போடணும்?" என்றதற்கு ஒரு பெண் சொன்னாள்: "பெரிய நம்பருக்கு வெட்டு, கீழ் நம்பரைச் சேர்க்கணும், அப்படித்தான் சார் சொல்லிக் கொடுத்தாங்க."

அந்த 'ஏன்' என்ற கேள்விக்கு விடை அதே புத்தகத்தின் அதே வடிவியல் பாடத்தில் இருக்கிறது. முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையாகக் கோடு இழுத்தால் அது மற்ற இரண்டு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் வெட்டும். அடிப்படை விகிதசமத் தேற்றம், தேல்ஸ் தேற்றம் என்றும் சொல்வார்கள். பிள்ளை வரையும் ஒவ்வொரு கோடும் அந்தத் தேற்றத்தின் பலத்தில்தான் நிற்கிறது. 'உனக்கு வேண்டாம், விட்டுவிடு' என்று அடுத்த அறையில் தள்ளிவைத்ததும் அதே தேற்றத்தைத்தான். கையை மட்டும் பழக்கிவிட்டு, கை செய்வது என்ன என்று அறியும் உரிமையை எடுத்துக்கொண்டார்கள். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை என்று நாங்கள் நினைக்கிறோம்.

கிராஃபிலும் இதே கதை. அட்டவணை போட்டு, புள்ளி வைத்து, வளைவரையைச் சேர்த்துவிடுகிறார்கள். வளைவரை எக்ஸ் அச்சை எங்கே வெட்டுகிறதோ அங்கேதான் சமன்பாட்டின் மூலங்கள் இருக்கின்றன, வெட்டாமல் மேலேயே நின்றுவிட்டால் மெய் மூலம் கிடையாது என்பது தெரியாது. இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தியே பார்த்திராத பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

"அந்தப் பிள்ளைகளுக்கு ஏறாதுங்க" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். ஏறும். ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் என்றால் ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் என்று எழுதும் பிள்ளைகள் எங்கள் காலத்திலும் இருந்தார்கள். ஒரு சதுரத் தாளைக் கொடுத்து, பக்கத்தை ஏ, பி என்று இரண்டாகப் பிரித்துக் குறுக்கும் நெடுக்குமாக மடிக்கச் சொன்னால் இரண்டு சதுரமும் இரண்டு செவ்வகமும் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். அந்தப் பிள்ளை விட்டுவிட்ட டூ ஏபி அந்த இரண்டு செவ்வகங்கள்தான். ஒரு பீரியட் போதும். மூன்று எக்ஸோடு ஐந்தைக் கூட்டினால் எட்டு எக்ஸ் என்று எழுதுகிற பிள்ளைக்கு எக்ஸுக்குப் பதில் இரண்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னால் 11ம் 16ம் வரும், தவறு அவனுக்கே பிடிபடும். இதற்கெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும். பொறுமை வேண்டும். கையேட்டுப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதால் இது நடக்காது.

அந்த ஆள்தான் நம் பள்ளியில் இல்லை. ஆறு முதல் பத்து வரைக்கும் சேர்த்து ஒரே ஒரு கணிதப் பட்டதாரி ஆசிரியர் பணியிடம். அதில் இருந்தவர் கோடைக் கலந்தாய்வில் மாறுதல் வாங்கிப் போனார். அவரை நாங்கள் குறை சொல்லவில்லை. அந்த இடம் இன்னும் காலி. அறிவியல் ஆசிரியர் தன் வகுப்புகளோடு கணக்கையும் இழுத்துக்கொண்டு போகிறார். அவரையும் குறை சொல்வதற்கில்லை, மூச்சு விட நேரமில்லாத மனிதர். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பது வரை அடிப்படையைச் சரிசெய்ய அரசு 'திறன்' இயக்கம் கொண்டுவந்திருக்கிறது. நல்ல திட்டம். கணக்கு ஆசிரியரே இல்லாத பள்ளியில் அதைக் கணக்குக்கு யார் நடத்துவது?

நிலைமை நம் ஊரோடு முடியவில்லை. 2024 டிசம்பரில் 781 மாவட்டங்களில் 21 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் ஒன்றிய அரசு நடத்திய 'பராக்' ஆய்வில் தேசிய அளவில் கணிதத்துக்கான சராசரி மூன்றாம் வகுப்பில் 60 சதவீதம், ஆறாம் வகுப்பில் 46, ஒன்பதாம் வகுப்பில் 37. வகுப்பு ஏற ஏற மார்க் இறங்குகிறது. அதற்கு முன் 2023இல் 14 முதல் 18 வயதுள்ள 34,745 பேரிடம் 'ஏசர்' ஆய்வு நடந்தது. மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 43.3 சதவீதம்தான். ஒன்பதாம் வகுப்பில்தான் பள்ளம் ஆழமாக இருக்கிறது. அந்த வகுப்பைத்தான் இப்போது பிரித்து, பாதிப் பேரைப் படம் வரைய அனுப்பப் பார்க்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதத்தையும் வடிவியலையும் விட்ட பிள்ளை பத்தாம் வகுப்பில் எதன்மேல் நிற்பான்?

பாஸானால் போதும் என்கிறவர்களைக் கேட்கிறோம், பாஸான பிறகு என்ன? ஐடிஐயில் ஃபிட்டர் சேர்ந்தால் அங்கே ஒர்க்‌ஷாப் கால்குலேஷன் காத்திருக்கிறது. பாலிடெக்னிக்கில் முதலாண்டிலேயே கணிதம். பொறியியல் கட்-ஆஃப் 200இல் கணக்குக்கு மட்டும் 100. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்துவிடலாம், எம்-ஒன் கணிதப் பேப்பருக்கு ஒதுக்கீடு கிடையாது. முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வில் 9, 10 கணிதப் பாடத்திலிருந்து மட்டும் 60 கேள்விகள். குரூப் 4 எழுதினாலும் 25 கேள்வி திறனறிவும் மனக்கணக்கும். எந்தக் கதவைத் தட்டினாலும் அதே பாடம் எதிரில் வந்து நிற்கிறது.

பெற்றோர்களே, உங்கள்மேலும் எங்களுக்கு வருத்தம் உண்டு. "எப்படியாவது பாஸ் போட வச்சிடுங்க சார்" என்று கைகூப்பி நின்றது நாம்தான். பிரிக்கப்போகிறோம் என்று சொன்னபோது தலையாட்டியதும் நாம்தான். மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பேசத்தான் அந்த இடம். கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துப் போவதற்கு இல்லை.

வேன் வைத்து மெட்ரிக் பள்ளிக்கு அனுப்பும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. 'அது அவர்கள் பாடு' என்று இருந்துவிடாதீர்கள். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை அரைகுறையாக மூடிவிட்டுப் பத்தாம் வகுப்புப் பாடத்தை ஒரு வருடம் முன்னதாகவே தொடங்கும் பள்ளிகள் எத்தனை என்று உங்கள் பிள்ளையிடமே கேளுங்கள். மார்க் வரும். அடித்தளம் அங்கேயும் காலிதான்.

எங்கள் வேண்டுகோள் இதுதான். ஜனவரிக் கூட்டத்துக்குத் தாயோ தந்தையோ கட்டாயம் வாருங்கள். ஒன்பதாம் வகுப்பைப் பிரிக்க ஒப்புதல் தராதீர்கள். பத்தாம் வகுப்பின் இரண்டாம் அறைக்கு இயற்கணிதமும் வடிவியலும் மறுபடி நடத்தப்பட வேண்டும் என்று கேளுங்கள். கணிதப் பணியிடத்தை நிரப்பச் சொல்லி மாவட்டக் கல்வி அலுவலருக்குத் தீர்மானம் போகட்டும். அதுவரை மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகப் பட்டதாரி ஆசிரியரை நியமிக்க வழி இருக்கிறது. அதற்கு அரசு அறிவித்த தொகுப்பூதியம் மாதம் 15,000 ரூபாய். கணக்கில் பி.எட். முடித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்கள் இந்த ஊரிலேயே உண்டு. அனுமதி கிடைத்தால் மாலை நேரத்தில் பள்ளியிலேயே வகுப்பெடுக்க எங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் தயார். ஒரு காசு வாங்க மாட்டோம்.

இன்னொன்றையும் எச்சரிக்கையாகவே சொல்கிறோம். ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். கணக்கு வாத்தியார் இல்லை என்று பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டே போனால், காலியாக இருக்கும் இடத்தை நிரப்பச் சொல்லிக் கேட்கவும் நாளை நமக்கு வாய் இருக்காது.

ஜனவரிக் கூட்டத்தில் நடக்காவிட்டால் 26ஆம் தேதி கிராம சபையில் தீர்மானம் கொண்டுவருவோம். அங்கேயும் தட்டிக்கழித்தால் அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு நிற்போம், உங்களையும் அழைப்போம். பிரிப்பதற்குச் சம்மதித்து யார் யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பது கூட்டப் பதிவேட்டில் இருக்கும். அந்தப் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி ஊருக்குக் காட்டுவோம்.