அடுப்பு வாங்கச் சொன்ன நாங்கள் சொல்லாமல் விட்டது

மூச்சிரைப்போடு எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் பெண்களிடம், பீடி சுற்றும் தொழில் உண்டா என்று கேட்ட கையோடு மருத்துவர்கள் கேட்கும் மற்றொரு கேள்வி, வீட்டில் எந்த அடுப்பில் சமைக்கிறீர்கள் என்பது. குத்துக்கல்வலசையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் எரிவாயு உருளை உள்ள வீடுகளில்கூட, கையில் காசு தட்டுப்படும் மாதங்களில் வெந்நீருக்கும் சோற்றுக்கும் விறகே எரிகிறது. புகை ஆண்டுக்கணக்கில் அரித்துவிட்ட நுரையீரலை எந்த மருந்தாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. ஆகவே, விறகை விட்டுவிடுங்கள், முடிந்தால் ஒரு மின் அடுப்பு வாங்கிக்கொள்ளுங்கள் என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறோம். அந்த அறிவுரை சரியானது என்பதில் எங்களுக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் அது பாதியில் நின்றுபோன அறிவுரை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள விரும்புகிறோம்.

அவ்வாறு சொல்லி அனுப்பப்பட்ட மூதாட்டி ஒருவர் சென்ற சாரல் பருவத்தில் எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தார். மகன் வாங்கிக் கொடுத்த சுருள் அடுப்பைத் தரையில் வைத்துப் பால் காய்ச்சியிருக்கிறார். பால் பொங்கிச் சுருளின் மேல் வழிந்தது. ஈரத் தரையில் வெறுங்காலோடு குந்தியிருந்தவர், பாத்திரத்தை இறக்கக் கை வைத்தார். மின்சாரம் உதறித் தள்ளியதால் உயிர் பிழைத்தார். உள்ளங்கையில் மிளகளவு கருத்த புண் ஒன்றுதான் வெளியே தெரிந்தது. இரவு முழுவதும் இதயத் துடிப்பைக் கருவியில் கவனித்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்பினோம். புறப்படும் வேளையில் அவருடைய மருமகள் கேட்டார்: "நீங்கதான டாக்டர், கரண்டு அடுப்பு வாங்கச் சொன்னீய?" அவர் கோபத்தோடு கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். அன்று எங்களிடம் தக்க விடை இல்லை.

விடையின் முதற்பகுதி அடுப்பின் அமைப்பில் இருக்கிறது. சுருள் அடுப்பு என்பது பீங்கான் தட்டின் பள்ளங்களில் பதித்த ஒரு கம்பி. அந்தக் கம்பிக்கு மேலுறை எதுவும் இல்லை. 230 வோல்ட் மின்சாரம் அதில் திறந்த நிலையில் ஓடுகிறது. சுருள் சற்று மேலெழும்பிப் பாத்திரத்தின் அடியைத் தொட்டாலோ, பொங்கி வழிந்த பால் இரண்டையும் இணைத்தாலோ, பாத்திரமே மின்கம்பியாகிவிடும். பார்வைக்கு எந்த வேறுபாடும் தெரியாது. எங்கள் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறோம்: திறந்த சுருள் அடுப்பு வீட்டுக்கு உகந்த பொருளே அன்று. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், பயன்படுத்துவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பு இவ்வகையில் மேலானது. அதன் கண்ணாடித் தட்டுக்கு அடியிலுள்ள செப்புச் சுருள், இரும்புத் தன்மையுள்ள பாத்திரத்தின் அடியில் மட்டுமே சூட்டை உண்டாக்குகிறது. ஈயப் பாத்திரமும் மண்சட்டியும் அதில் வேலை செய்யாமைக்குக் காரணம் இதுவே. ஆனால் கடைகளில் அதே தோற்றத்தில் இன்ஃப்ராரெட் அடுப்பும் விற்கப்படுகிறது. எந்தப் பாத்திரமும் வைக்கலாம் என்று சொல்லி விற்கப்படுவது பெரும்பாலும் இந்த வகைதான். இதில் கண்ணாடிக்கு அடியில் கம்பியே பழுத்துக் காய்கிறது. அணைத்து நெடுநேரம் கழித்தும் கண்ணாடி சுடும், செந்நிறமோ மறைந்திருக்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இதைத் தரையில் வைப்பது கொள்ளிக்கட்டையை வைப்பதற்கு ஒப்பாகும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சூடு உறைக்காமலே தோல் வெந்துபோன கால்களை நாங்கள் கட்டுப்போட்டு வருகிறோம். எந்த வகையானாலும் கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டால் அந்த அடுப்பைப் பயன்படுத்தக் கூடாது. கீறல் வழியே வழியும் நீர் நேரே மின்பகுதியைச் சென்றடையும்.

விடையின் பெரும்பகுதி அடுப்புக்கு வெளியே, சுவரில் இருக்கிறது. 2000 வாட் அடுப்பு ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். மிக்சிக்கும் கைபேசிக்கும் நாம் பயன்படுத்தும் சிறிய பிளக் பாயிண்ட் 5 அல்லது 6 ஆம்பியருக்கானது. பெரிய முள் செருகியை அதில் செருக முடியாதென்பதால், கடையில் ஒரு மாற்றுச் செருகி வாங்கி மாட்டிவிடுகிறோம். செருகி பழுப்பதும், சுவிட்ச் பெட்டியில் கருகல் வாடை வருவதும், சுவருக்குள் வயரின் உறை உருகுவதும் அதன் பின்விளைவுகள். அடுப்புக்கென்று தனி வயர் இழுத்து 15 அல்லது 16 ஆம்பியர் பாயிண்ட் பொருத்துவது மின்பணியாளருக்கு அரைநாள் வேலைதான். அதையும் தரையோரம் பொருத்தாமல் மேடைக்கு மேலே, தண்ணீர்க் குழாயிலிருந்து தள்ளிப் பொருத்தச் சொல்லுங்கள்.

ஃபியூஸ் இருக்கிறதே, போதாதா என்று பலர் கேட்கிறார்கள். இந்த எண்ணம்தான் எங்களைப் பெரிதும் கவலைகொள்ள வைக்கிறது. ஃபியூஸும் எம்.சி.பி.யும் வயரைக் காப்பதற்காக வைக்கப்பட்டவை. 6 ஆம்பியரைத் தாங்கும் ஃபியூஸ் மனித உடலின் வழியே செல்லும் மின்சாரத்தை ஒரு பொருட்டாகவே எண்ணாது. உயிருக்கு ஆபத்து தொடங்குவதோ அந்த 6 ஆம்பியரின் இருநூறில் ஒரு பங்கில். அந்த அளவான 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே, கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் கருவிக்கு ஆர்.சி.டி. என்று பெயர், ஆர்.சி.சி.பி. என்று கேட்டாலும் கடையில் கிடைக்கும். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள் வீட்டு இணைப்புகளில் இதனை வலியுறுத்துகின்றன. விதி வருவதற்கு முன் கட்டிய வீடுகளோ இங்கு ஏராளம். அவற்றில் ஃபியூஸ் போனால் இன்னும் தடித்த கம்பியாகக் கட்டிவிடும் வழக்கமும் உண்டு. ஆடு தப்பிக்கிறது என்று பட்டியின் கதவைக் கழற்றி வைப்பது போன்ற செயல் அது.

எர்த் பற்றியும் ஒரு சொல். மூன்று முள் செருகியில் தடித்து நீண்டிருக்கும் முள் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டதன்று. அடுப்பின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால் அதை மண்ணுக்கு எடுத்துச் செல்லும் வழி அதுவே. சில பழைய வீடுகளில் மூன்றாம் துளை இருக்கும், அதற்குப் பின்னால் கம்பியே இராது. மின்பணியாளர் சோதித்துப் பார்த்தாலன்றி இதை அறிய வழியில்லை.

இத்தனையும் எங்கள் ஊருக்குச் சற்று மிகுதியாகவே பொருந்தும். சூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்றும் சாரலும் குற்றாலத்துக்கு வருவோருக்கு இன்பம். இங்கே குடியிருப்போருக்கு அது காயாத துணி, ஓதம் ஏறிய சுவர், எப்போதும் நசநசத்த அடுக்களைத் தரை. உலர்ந்த தோல் மின்சாரத்தைப் பெருமளவு தடுக்கும், நனைந்த தோல் அவ்வாறு தடுப்பதில்லை. ஒரு மரப்பலகையின் மீதோ, உலர்ந்த ரப்பர் மிதியடியின் மீதோ நின்று சமைப்பதும், ஈரக்கையைத் துடைத்த பின்னரே சுவிட்சைத் தொடுவதும் எளிய செயல்கள். உயிர் காக்கும் செயல்களும்கூட. இதே காற்றில் கிளை முறிந்து மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும். போன வேளையில் அடுப்பின் சுவிட்சை அணைக்க மறந்து, அதன் மேல் கரித்துணியைப் போட்டுவிட்டு வெளியே போகிறவர்கள் உண்டு. மின்சாரம் திரும்பும்போது வீட்டில் ஆள் இருக்கமாட்டார்கள்.

இனி, எங்கள் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்று. அடுப்பு வாங்குவதற்குப் பணம் கிடைக்கிறது, வயருக்குக் கிடைப்பதில்லை. அடுப்பு கண்ணுக்குத் தெரியும் பொருள். அண்டை வீட்டாருக்கும் காட்டலாம். சுவருக்குள் ஓடும் கம்பியையும் பெட்டிக்குள் இருக்கும் கருவியையும் யாரிடம் காட்டுவது? தனி வயர் வேண்டுமா என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் அடுக்களைக்குள் நுழையாத ஆண். கையை வைப்பவரோ அந்த முடிவில் சொல்லுரிமை இல்லாத பெண். வாடகை வீடென்றால் நிலை இன்னும் கடினம். வேண்டுமானால் உங்கள் செலவில் செய்துகொள்ளுங்கள் என்கிறார் வீட்டுக்காரர். நாளை காலி செய்யப்போகும் வீட்டுக்கு எதற்குச் செலவு என்கிறார் குடியிருப்பவர். இருவர் சொல்வதிலும் கணக்கு இருக்கிறது. ஆயினும் எங்கள் கருத்தில் இச்செலவு வீட்டுக்காரரையே சேரும். கூரை ஒழுகினால் சரிசெய்து தருவது எவ்வாறு அவர் கடமையோ, அவ்வாறே உயிரைப் பறிக்காத மின் இணைப்பைத் தருவதும் அவர் கடமை. ஆர்.சி.டி.யின் விலை ஏறத்தாழ ஓர் அடுப்பின் விலைதான். இந்த மடலைப் படிக்கும் வீட்டுக்காரர்கள் எங்கள் மீது வருத்தம் கொண்டாலும், இதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

மின்கட்டணம் குறித்தும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. 2016 முதல் தமிழ்நாட்டில் இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் வரை வீடுகளுக்குக் கட்டணம் இல்லை. மின்சாரம் இனாம்தானே, அடுப்பும் அதில் ஓடட்டும் என்று கருதுகிறார்கள். 1800 வாட் அடுப்பு முழு வேகத்தில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் எரிந்தால் இரு மாதங்களில் 108 யூனிட் ஆகும். எதிர்பாராத கட்டணத்தைக் கண்டு மீண்டும் விறகுக்கே திரும்பியவர்களை எங்கள் நெஞ்சகப் பிரிவு அறியும். முன்பே கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இண்டக்‌ஷன் அடுப்பு எரியும்போது அதிலிருந்து இரண்டடியேனும் விலகி நிற்க வேண்டும். குனிந்து நெஞ்சை அதனருகே கொண்டு செல்லலாகாது. உங்கள் கருவியின் வகைக்கேற்ப வேறு ஏதேனும் கட்டுப்பாடு உண்டா என்பதை உங்கள் இதய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விபத்து நேர்ந்துவிட்டால் என்ன செய்வது? மின்சாரம் பற்றியிருப்பவரைக் கையால் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். அது எட்டாத இடத்தில் இருந்தால் உலர்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடுங்கள். 108-ஐ அழையுங்கள். புண் சிறிதாக இருக்கிறதே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். மின்சாரம் உள்ளே தசையைச் சுட்டிருக்கலாம், இதயத் துடிப்பைக் குலைத்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. கர்ப்பிணிப் பெண்ணாயின், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் கட்டாயம் அழைத்து வாருங்கள். சூடு பட்ட புண்ணானால் வளையல், மோதிரம், மெட்டி ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மை, பற்பசை, காப்பித்தூள், தோசை மாவு எதையும் பூசாதீர்கள். அன்போடு பூசிய மாவைப் புண்ணிலிருந்து கழுவி எடுக்கும்போது நோயாளி படும் வேதனை, சூடு பட்டபோது பட்டதினும் பெரிது. எண்ணெய்ச் சட்டி தீப்பற்றினால் சுவிட்சை அணைத்து மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டா.

பிறருக்குச் சொல்லும்போது எங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வார்டில் நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சவென்று உறவினர்கள் கெட்டிலையும் சிறு சுருள் அடுப்பையும் பையில் கொண்டுவருகிறார்கள். கட்டிலுக்குத் தலைமாட்டில், ஆக்சிஜன் குழாய்க்கு அருகே, மருத்துவக் கருவிக்கான பாயிண்டில் அவற்றைச் செருகுகிறார்கள். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு வெந்நீர் வேண்டுமே என்ற தவிப்பை நாங்கள் அறிவோம். ஆதலால் கண்டும் காணாமலும் இருந்திருக்கிறோம். தடை என்று பலகை எழுதி வைத்தால் மட்டும் போதாது, வெந்நீர் கிடைக்கும் இடத்தையும் தர வேண்டும் என்பது எங்களுள் பலரின் கருத்து. அதனை நிர்வாகத்தின் முன் வைத்திருக்கிறோம்.

அந்த மருமகளுக்கான விடையை இப்போது இவ்வாறு வகுத்துக்கொண்டிருக்கிறோம். விறகை விடச் சொல்லும் ஒவ்வொருவரிடமும் இனி மேலும் சில கேள்விகளைக் கேட்போம்: அடுப்பு எந்த வகை, எந்த உயரத்தில் வைப்பீர்கள், தனி பாயிண்ட் உண்டா, பெட்டியில் ஆர்.சி.டி. உண்டா? இல்லை என்றால் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் எழுதித் தருவோம். அதை மின்பணியாளரிடமோ வீட்டுக்காரரிடமோ காட்டலாம். கம்பத்திலிருந்து வரும் இணைப்பில் கோளாறு என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் தெரிவிக்கலாம்.

ஆர்.சி.டி. கருவியின் முகப்பில் ஒரு சிறு சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்தினால் வீட்டின் மின்சாரம் உடனே அற்றுப்போக வேண்டும். போகாவிட்டால் கருவி பழுது. உங்கள் வீட்டுப் பெட்டியில் அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த முறை வரும்போது எங்கள் செவிலியரிடம் சொல்லுங்கள்.